டாரின் பவுடர் வாங்கலாமா?

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களோடு இப்போது ஒரு புதுக் கேள்வியும் வருகிறது. "டாரின் பவுடர் முதுமையைத் தள்ளிப்போடுமாமே பாய், வாப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாசத்தில் கேட்கிறார்கள், விவரமாகவே பதில் சொல்ல வேண்டும்.

டாரின் நம் உடலே தயாரிக்கும் பொருள். கொழுப்பு செரிக்கப் பித்தநீருக்கு உதவுகிறது. இதயத்திலும் தசையிலும் கண்ணிலும் நிறைய இருக்கிறது. 1827-இல் இதை முதலில் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இடிந்தகரையிலிருந்து நமக்கு வரும் மீனிலும் கணவாயிலும் இது உண்டு.

2023 ஜூனில் விஜய் யாதவ் தலைமையில், டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனமும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகமும் பங்கேற்ற ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. டாரின் கொடுத்த நடுவயது எலிகளின் ஆயுள் 10 முதல் 12 சதவீதம் கூடியது. 6 மாதம் கொடுத்த குரங்குகளுக்கு எலும்பு வலுத்தது, ரத்தச் சர்க்கரை குறைந்தது. வயதாக ஆக ரத்தத்தில் டாரின் குறைகிறது என்றும் அந்த ஆய்வு சொன்னது.

2025 ஜூனில் அதே இதழில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வேறு முடிவு சொன்னார்கள். ஆரோக்கியமான மனிதர்களிடம் வயதோடு டாரின் குறையவில்லை. பெரும்பாலும் கூடுகிறது அல்லது அப்படியே இருக்கிறது என்றார்கள். அதற்கு முந்தைய மாதம் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, சிலவகை ரத்தப் புற்றுநோய் செல்கள் டாரினை எடுத்துக்கொண்டு வளர்வதைக் காட்டியது.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். டாரினால் மனிதரின் ஆயுள் கூடும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

ஆகவே இந்தப் பவுடருக்கு அறக்கட்டளை நிதி தராது. ஏழைகளுக்கென்று மக்கள் தந்த பணம் நம்மிடம் உள்ள அமானிதம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள மாத்திரைகளோ பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுப்பவை என்று நிரூபணமானவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவை வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. பவுடரை நம்பி அந்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே டப்பா வாங்கியவர்கள் அதை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மீன் கிடைக்கும் நாளில் மீன் சாப்பிடுங்கள். தினமும் நடங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். வஸ்ஸலாம்.