பவுலீனின் பல்



இலக்கியம் படித்துத் தேறியிருக்கிறீர்கள். அமெரிக்க நாவல்களில் என்னை விடாமல் தொடரும் சிலரைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

டோனி மாரிசனின் முதல் நாவல் ‘தி புளூவெஸ்ட் ஐ’, 1970-இல் வந்தது. அதில் பவுலீன் என்ற கறுப்பினப் பெண், ஒஹாயோவின் லொரெய்ன் நகரில் தனிமை தாங்காமல் சினிமாவுக்குப் போகிறாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. நடிகை ஜீன் ஹார்லோவைப் போலத் தலை வாரிக்கொண்டு, படம் பார்த்தபடி மிட்டாயைக் கடிக்கிறாள். முன்பல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அத்துடன் அழகாக இருக்கும் ஆசையையே விட்டுவிடுகிறாள். பின்னர் மகள் பெக்கோலா பிறக்கிறாள். தலை நிறைய முடி; ஆனாலும் தாயின் கண்ணுக்குக் குழந்தை அவலட்சணம். திரையரங்கில் கற்ற அளவுகோல் தொட்டில்வரை வந்துவிட்டது! அந்த மகள்தான் நீலக் கண்கள் வேண்டி ஏங்கி, வெள்ளைக் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் படம் போட்ட கோப்பையில் பால் குடித்துத் தீர்த்து, கடைசியில் புத்தி பேதலித்துப் போகிறாள்.

கதை சொல்லும் சிறுமி க்ளாடியாவோ வெள்ளைப் பொம்மைகளைப் பிய்த்தெறிகிறாள். ஆனால் பின்னாளில் தானும் ஷெர்லி டெம்பிளை நேசிக்கக் கற்றுக்கொண்டதாக அவளே சொல்கிறாள். மாரிசனை நான் வணங்குவது இந்த நேர்மைக்காக. கோபம் இருந்தால் தப்பிவிடலாம் என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை.

பிம்பம் பார்வையை மறைப்பதை இன்னொரு நாவலும் காட்டுகிறது. டான் டெலிலோவின் ‘வைட் நாய்ஸ்’ (1985) நாவலில், அமெரிக்காவிலேயே அதிகம் புகைப்படம் எடுக்கப்பட்ட களஞ்சியம் ஒன்று வருகிறது. கூட்டம் கூட்டமாகப் படம் எடுக்கிறார்கள். களஞ்சியத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

சார்லஸ் யூவின் ‘இன்டீரியர் சைனாடவுன்’ 2020-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது. திரைக்கதை வடிவில் எழுதப்பட்ட நாவல். நாயகன் வில்லிஸ் வூ, தொலைக்காட்சித் தொடரில் பெயரில்லாத ஆசியன். அவனுடைய பெருங்கனவு, குங்ஃபூ வீரனாக நடிப்பது. கனவைக்கூட அந்தத் தொடர்தான் அவனுக்கு எழுதித் தந்திருக்கிறது. என்னை அதிகம் வதைப்பது இதுதான்.

அவன் தந்தை ஒருகாலத்தில் குங்ஃபூ ஆசான் வேடம் போட்டவர். இப்போது வெறும் ஆசியக் கிழவர். உணவகத்தில் கரோக்கி நடக்கும் இரவில் அவர், ஊர் திரும்ப ஏங்கும் பாடகர் ஜான் டென்வரின் மேற்கு வர்ஜீனியா பாட்டைப் பாடுகிறார், மனம் கரைந்து. தன் ஊருக்கு ஏங்கும் அந்த மனிதருக்கு எந்தத் திரைக்கதையிலும் இடமில்லை. உங்களில் சிலர் நாளை சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதப் போகிறீர்கள். சமையல்காரர், காவலாளி என்று ஒரு வரியில் எழுதிக் கடக்கும்போது, அவர் என்ன பாட்டுப் பாடுவார் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.