நாம் எழுதுகிற புரோகிராமும் நமது மானமும்

(கம்பெனிகளில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த சாப்ட்வேர் தொழிலாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



பெரிய கம்பெனிகளில் கூலிக்குப் புரோகிராம் எழுதி முப்பது வருஷத்திற்கு மேல் கழித்துவிட்டவர்கள் என்கின்ற முறையில் நம்மை இங்கு பேச அழைத்திருக்கிறீர்கள். முப்பது வருஷம் ஒரு வேலையைச் செய்துவிட்டதனாலேயே ஒருவனுக்கு அறிவு வந்துவிட்டதென்று அர்த்தமல்ல. செக்கு மாடுகூடத்தான் வருஷக்கணக்காய்ச் சுற்றுகின்றது. ஆகையால் நாம் சொல்லுவதை உங்கள் புத்தியில் போட்டு உரைத்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் பெருமை கொள்ள வேண்டும் என்கிறார்கள். எதில் பெருமை? இன்ன கம்பெனியில் இருக்கிறோம் என்பது அந்தக் கம்பெனியின் பெருமையே ஒழிய நமது பெருமை அல்ல. இவ்வளவு சம்பளம் என்பது சந்தை நிலவரம். நாளைக்குச் சந்தை இறங்கினால் அதுவும் இறங்கும். இன்னும் சிலர், "நான் எழுதிய புரோகிராம் வேறு ஒருவனுக்கும் புரியாது, நானில்லாவிட்டால் கம்பெனி நடக்காது" என்று மார் தட்டுகிறார்கள். இது பெருமையே அல்ல. மந்திரத்தை மறைத்து வைத்துப் பிழைக்கின்ற பிழைப்பு.

பின் எதுதான் பெருமை என்றால், நமது வேலையை எவர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், சோதிக்கலாம், தப்பிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று வெளியில் வைக்கின்ற தைரியந்தான் பெருமை. இந்தத் தைரியம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம்.

அந்நாட்டுத் தபாலாபீஸ்களில் 1999-ஆம் வருஷ முதல் ஹொரைசன் என்கின்ற கணக்குப் புரோகிராமை வைத்தார்கள். கிளைத் தபாலாபீசை நடத்துகிறவர்கள் அதில் வரவு செலவு பதிய வேண்டும். கணக்கில் குறைவு விழுந்தால் கைப்பணத்தைப் போட்டு ஈடு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் புரோகிராமிலோ பிழைகள் இருந்தன. 2015-இல் ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் கிளையில் 8,000 பவுனை ஒரு தடவை பதியப் போக, திரை நகராமல் நின்றதனால் விசையை மறுபடி மறுபடி அழுத்த, அது நாலு தடவை பதிவாகி 24,000 பவுன் குறைவு காட்டியது. பணம் எங்கும் போகவில்லை. கணக்குத்தான் பொய் சொல்லிற்று.

ஆனால் பொய் சொன்ன புரோகிராமைக் கூண்டில் ஏற்றினார்களா? இல்லை. மனிதர்களை ஏற்றினார்கள். 1999 முதல் 2015 வரையில் 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்கு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணியாயிருந்த ஒரு பெண் 2010-இல் ஜெயிலுக்குப் போனார். வீடு விற்றவர்கள் பலர். உயிரை விட்டவர்களும் உண்டு. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கைச் சாட்சியமாய்க் கொண்டுவருகிறவர் அது சரியாய் வேலை செய்தது என்று காட்ட வேண்டியிருந்தது. 1999-இல் செய்த சட்டம் அந்த விதியை எடுத்துவிட்டது. ஆகவே கம்ப்யூட்டர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று கோர்ட்டே நம்பத் தொடங்கிற்று. ஏட்டில் எழுதியிருப்பதைக் கேள்வி கேட்காமல் நம்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

ஆலன் பேட்ஸ் முதலான 555 பேர் வழக்காடி, 2019-இல் லண்டன் ஹைகோர்ட்டில் அந்தப் புரோகிராமில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பு வாங்கினார்கள். 2024-இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்தே அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

தோழர்களே! பிழை வந்தது பெரிய குற்றமல்ல. மனிதன் செய்த எதிலும் பிழை வரும். "எங்கள் யந்திரம் தப்புச் செய்யாது" என்று வருஷக்கணக்காய்ச் சாதித்ததுதான் குற்றம். போலிப் பெருமை மனிதர்களை ஜெயிலுக்கு அனுப்புகின்றது.

மெய்யான பெருமை எப்படியிருக்கும் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் டொனால்ட் கனூத் என்கின்ற பேராசிரியர் இருக்கிறார். கணிதப் புத்தகங்களை அச்சுக்கோக்க டெக் என்கின்ற புரோகிராமை எழுதி உலகத்திற்கு இனாமாய்க் கொடுத்தவர். தமது புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்லுகிறவருக்கு 2 டாலர் 56 சென்ட் வெகுமதி என்று அறிவித்து, செக்கு எழுதி அனுப்பி வந்தார். வாங்கியவர்களில் அநேகர் அதைப் பணமாக்காமல் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். தமது பிழையைக் காட்டியவனுக்குக் கூலி கொடுக்கிறவர் தாழ்ந்து போனாரா? உயர்ந்தல்லவா போனார்!

நிற்க, நமது வேலையில் மற்றொரு சங்கடமுண்டு. நன்றாய்ச் செய்தால் ஒருவர் கண்ணிலும் படாது. பழைய புரோகிராம்களில் இடத்தை மிச்சம் பிடிக்க வருஷத்தை இரண்டே எழுத்தில் எழுதியிருந்தார்கள். 2000-ஆம் வருஷம் பிறந்தால் "00" என்பதை 1900 என்று எண்ணிவிடும். 1990-களின் கடைசியில் பல தேசங்களிலும், நமது சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வரிவரியாய்ப் படித்துத் திருத்தினார்கள். 2000 ஜனவரி 1 வந்தது. பெரிய விபரீதம் ஒன்றும் நேரவில்லை. உடனே, "எல்லாம் வெறும் புரளி, வீண் செலவு" என்றார்கள். கூரையைக் கெட்டியாய் வேய்ந்ததனால் ஒழுகாமலிருந்த வீட்டைப் பார்த்து, "மழையே பெய்யவில்லை" என்று சொல்லுவது போன்ற நியாயமிது. ஆகவே பிறர் மெச்சினால்தான் பெருமை என்றிருப்பவனுக்கு இந்தத் தொழிலில் பெருமையே கிடையாது.

இப்பொழுது சிலர் கேட்கலாம்: "கம்பெனி முதலாளியுடையது, லாபமும் அவனுக்கே. வேண்டாத அன்று சீட்டுக் கிழித்து அனுப்பிவிடுவான். அவனுக்காக நாம் ஏன் உயிரை விட வேண்டும்?" கேள்வி நியாயமானதே. உயிரை விட வேண்டாமென்றுதான் நாமும் சொல்லுகிறோம். நல்ல வேலை என்பது கூலியில்லாமல் இராக்கண் விழிப்பதல்ல. ஆனால் பிழையான புரோகிராமால் கஷ்டப்படுகிறவன் முதலாளி அல்ல. பென்ஷனுக்குக் காத்திருக்கும் கிழவியும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளியும், கணக்குக் குறைந்ததென்று கைதாகும் குமாஸ்தாவுமேயாகும். அவர்களும் நம்மைப்போல் உழைத்துப் பிழைக்கிறவர்கள். முதலாளி மேலுள்ள கோபத்தை அவர்கள் தலையில் இறக்குவது எந்த நியாயம்?

ஆகவே செய்ய வேண்டியது என்னவென்றால்: நேர்ந்த பிழையை விழுங்கி மறைக்கின்ற புரோகிராமை எழுதாதீர்கள், பிழை வந்தால் அது உரக்கச் சொல்லட்டும். சோதனையைக் கடைசி நாளைக்கென்று தள்ளாதீர்கள். ஏன் இப்படி எழுதினோம் என்பதைப் பின்னால் வருகிறவனுக்கு இரண்டு வரி எழுதி வையுங்கள். நேற்றுச் சேர்ந்த பிள்ளை தப்புக் காட்டினால், "நீ யார்?" என்று கேளாமல், "எங்கே?" என்று கேளுங்கள். முடியாத கெடுவை மேனேஜர் வைத்தால், "இது இன்னும் தயாராகவில்லை, காரணம் இன்னது" என்று எழுத்தில் கொடுங்கள். இக்காலத்தில் யந்திரமே புரோகிராம் எழுதித் தருகின்றது. தரட்டும். ஆனால் படித்துப் பார்க்காமல், "யந்திரம் சொல்லிற்று" என்று அனுப்புவீர்களானால், அந்த இங்கிலாந்துக் கோர்ட்டுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

தோழர்களே! நமது வேலையைப் பயன்படுத்துகிறவன் நம்மைப் பார்க்கப் போவதில்லை. நமது பெயரும் அவனுக்குத் தெரியாது. பார்க்கிறவன் இல்லாத இடத்திலும் ஒருவன் ஒழுங்காய் வேலை செய்வானானால், அது முதலாளிக்குப் பயந்தோ, மோட்சத்திற்கு ஆசைப்பட்டோ செய்வதல்ல. தனது மானத்திற்காகவும் பிறன் படும் கஷ்டத்திற்காகவும் செய்வதாகும். நாளைக் காலையில் ஆபீசுக்குப் போனதும், நீங்கள் சென்ற வாரம் எழுதியதில் ஒரு பக்கத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்து, "இதில் தப்புக் கண்டுபிடியுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்க மனம் கூசாவிட்டால், உங்கள் வேலையில் நீங்கள் பெருமை கொள்ளலாம்.