போன படை திரும்புவது எப்போது?

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

இன்று உங்கள் முன் ஒரே ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். அந்நிய மண்ணுக்குப் படை அனுப்பிய வல்லரசு, அந்தப் படையை எப்போது திரும்ப அழைக்க வேண்டும்?

படையெடுப்பு நியாயமா, அநியாயமா என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கண்டனக் கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். ஆனால் நுழைந்தவன் வெளியேற எப்படி முடிவெடுக்கிறான் என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. அந்த முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் உயிர்கள் போகின்றன என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வியாபாரிகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பழக்கமான கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் வெளியூரில் கடை போடுகிறார். முதல் வருடம் நஷ்டம். இரண்டாம் வருடமும் நஷ்டம். மூன்றாம் வருடத்தில் இந்தக் கடை தேறாது என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் மூடுவதில்லை. ஏன்? போட்ட முதல் போய்விடுமே என்ற கவலை ஒன்று. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம் மற்றொன்று. போன முதலைக் காப்பாற்றப் புது முதல் போடுகிறார். கடைசியில் மனைவியின் நகையும் அடகுக்குப் போகிறது.

வல்லரசுகளும் இதைத்தான் செய்கின்றன. ஒரேயொரு வித்தியாசம். வியாபாரி இழப்பது தன் பணத்தை. ஆட்சியாளர்கள் இழப்பது ஊரார் பெற்ற பிள்ளைகளை!

தெரிந்த நாளும் திரும்பிய நாளும்

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. மாஸ்கோவில் ஒரு சிலர் மட்டும் கூடி எடுத்த முடிவு அது. அதிபர் ஹபீசுல்லாஹ் அமீன் கொல்லப்பட்டார். பப்ரக் கர்மால் பதவியில் அமர்த்தப்பட்டார். சில மாதங்களில் வேலை முடிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

1985 மார்ச்சில் கோர்பச்சேவ் பதவிக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில், போரில் பிள்ளைகளை இழந்தவர்கள் எழுதிய கடிதங்களைக் கட்சித் தலைமைக் குழுவின் கூட்டத்தில் அவர் படித்துக் காட்டினார். 1986 பிப்ரவரியில் நடந்த கட்சி மாநாட்டில், ஆப்கானிஸ்தானை இரத்தம் வடியும் புண் என்று வர்ணித்தார்.

1986 நவம்பரில் தலைமைக் குழு மீண்டும் கூடியது. இப்படியே போனால் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் போரிட வேண்டியிருக்கும் என்று கோர்பச்சேவ் எச்சரித்தார். படைத் தலைவர் மார்ஷல் அக்ரோமெயெவ் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். அந்நாட்டில் நம் சிப்பாயின் கால் படாத இடமில்லை. ஆனால் நாட்டின் பெரும்பகுதி எதிரிகளின் கையில்தான் இருக்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். ஓராண்டில், மிஞ்சிப்போனால் இரண்டாண்டில் போரை முடித்துவிட வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று.

கடைசி வீரன் வெளியேறியது எப்போது? 1989 பிப்ரவரி 15! தளபதி கிரோமோவ் அமு தர்யா நதிப் பாலத்தைக் கடந்து தெர்மெஸ் நகருக்குள் நடந்து சென்ற காட்சியை உலகமே பார்த்தது.

இடையில் இருபத்தேழு மாதங்கள். அந்த இடைவெளியில் விழுந்த 1987, 1988 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 சோவியத் வீரர்கள் இறந்தார்கள். இது அவர்களே வெளியிட்ட கணக்கு. அதே காலத்தில் இறந்த ஆப்கானியர்களை ஆள் ஆளாக எண்ணிக் கணக்கு வைத்தவர் யார்? போர் முழுவதிலும் பத்து லட்சம் பேர் வரை மடிந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகப் போனார்கள்.

வெல்ல முடியாது என்று தெரிந்த பிறகும் ஏன் தாமதம்? நட்பு நாடுகளின் முன் மதிப்புப் போகுமே என்ற கவலை. வியட்நாமிலிருந்து அமெரிக்கா ஓடியது போல நாமும் ஓடுவதா என்ற வெட்கம். எதிர்த்தரப்புக்கு அமெரிக்கா தரும் ஆயுதத்தை முதலில் நிறுத்தட்டும் என்ற பேரம். கடைக்காரர் சொன்ன அதே காரணங்கள்தாம்!

இரண்டாவது வல்லரசு

இந்தப் பாடத்தை அமெரிக்கா கற்றதா? 2001 அக்டோபர் 7 அன்று அது தன் போரைத் தொடங்கியது. உஸாமா பின் லாதினைப் பிடிப்பதற்காக என்றார்கள். 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோட்டாபாதில் அவர் கொல்லப்பட்டார். போர் நின்றதா? இல்லை. மேலும் பத்தாண்டுகள் நீடித்தது.

2019 டிசம்பரில் அமெரிக்க அரசின் உள் ஆவணங்களை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வெளியிட்டது. மேடையில் முன்னேற்றம் என்று முழங்கிய காலத்தில், என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை என்று பொறுப்பிலிருந்த அதிகாரிகளே விசாரணையில் ஒப்புக்கொண்டது அப்போது தெரியவந்தது. 2014 முதல் 45,000க்கும் மேற்பட்ட ஆப்கான் படையினர் இறந்ததாக 2019 ஜனவரியில் அதிபர் அஷ்ரப் கனி கூறினார். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தாமே!

2021 ஆகஸ்ட் 30 இரவு கடைசி அமெரிக்க விமானம் காபூலை விட்டுப் பறந்தது. அதற்கு முந்தைய நாள் அமெரிக்கா நடத்திய ட்ரோன் தாக்குதலில் ஒரே குடும்பத்தைச் சூழ்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். தவறு நடந்துவிட்டது என்று பிறகு அமெரிக்க இராணுவமே ஒப்புக்கொண்டது. போர் முடிவதற்கு ஒரு நாள் முன்னால் அந்தக் குழந்தைகள் எதற்காக இறந்தார்கள்?

ஒரு நியாயமான கேள்வி

உங்களில் ஒருவர் எழுந்து கேட்கலாம்: படை உடனே போய்விட்டால் அங்கிருப்பவர்களின் கதி என்ன? ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான கேள்வி. இதை மறைத்துப் பேசக் கூடாது. 1989ல் ரஷ்யப் படை போனபோது நான் சிறுவன். பெரியவர்கள் மகிழ்ந்து பேசியதைக் கேட்டிருக்கிறேன். பிறகு நடந்தது என்ன? 1992 ஏப்ரலில் நஜிபுல்லாஹ் ஆட்சி விழுந்தது. அதன்பின் காபூல் நகரத்தின் மீது குண்டு மழை பொழிந்தவர்கள் அந்நியர்கள் அல்ல. அந்நியரை எதிர்த்துப் போராடியவர்களே! அமெரிக்கா போன பிறகு, 2021 செப்டம்பரில் மாணவர்களுக்கு உயர்நிலைப் பள்ளிகள் திறந்தபோது மாணவிகளுக்குத் திறக்கவில்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அவர்களுக்கு மூடப்பட்டது. அந்நியன் போனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்மில் யாரேனும் நினைத்தால் அதுவும் தவறே.

ஆனால் கூடுதலாகத் தங்கியதால் இது தடுக்கப்பட்டதா? ஒன்பது ஆண்டு தங்கிய ரஷ்யா விட்டுச் சென்ற ஆட்சி மூன்றாண்டு தாக்குப்பிடித்தது. சோவியத் யூனியன் கலைந்து உதவி நின்றதும் விழுந்தது. இருபது ஆண்டு தங்கிய அமெரிக்கா வளர்த்த ஆட்சியோ, அதன் கடைசி விமானம் பறப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் 15 அன்று விழுந்துவிட்டது. ஆக, தங்கிய ஆண்டுகள் எதையும் உறுதிப்படுத்தவில்லை.

குறை எங்கே என்று பாருங்கள். 1988 ஏப்ரல் 14 அன்று ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தானது. ஆப்கான் அரசும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. ரஷ்யாவும் அமெரிக்காவும் உத்தரவாதம் தந்தன. களத்தில் போராடிய முஜாஹித்கள் அதில் இல்லை. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹா ஒப்பந்தம். அமெரிக்காவும் தாலிபான்களும் கையெழுத்திட்டனர். காபூல் அரசு அதில் இல்லை. முதல் முறை ஒரு தரப்பு விடுபட்டது. இரண்டாம் முறை மறு தரப்பு விடுபட்டது. பாகப்பிரிவினையில் ஒரு சகோதரனை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதினால் அந்த வீட்டில் சண்டை ஓயுமா?

எனவே என் பதில் இதுதான். வெல்ல முடியாது என்று தெரிந்த நாளிலேயே திரும்பும் தேதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தேதி வரையிலான காலத்தைத் தன் மானத்தைக் காப்பாற்றச் செலவிடாமல், அந்த மண்ணின் எல்லாத் தரப்பையும் ஒன்றாக உட்கார வைக்கச் செலவிட வேண்டும். இப்படிச் செய்தாலும் சமாதானம் நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் செய்யாமல் கடத்தும் மாதங்களில் சாவு நிச்சயம்.

இளைஞர்களே! எந்த அரசு, எந்த நாட்டுக்குப் படை அனுப்பினாலும், அது நமக்குப் பிடித்த அரசாகவே இருந்தாலும், முதல் நாளிலேயே கேளுங்கள்: எதற்காகப் போகிறீர்கள்? எது நடந்தால் திரும்புவீர்கள்? இதற்குப் பதில் சொல்லாத அரசுக்குக் கை தட்டாதீர்கள்.

மாஸ்கோவில் படிக்கப்பட்ட அந்தக் கடிதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவை 1985ல் வந்தவை. அதன் பிறகும் மூன்றாண்டுகளுக்கு மேல் அப்படிப்பட்ட கடிதம் எழுத வேண்டிய தாய்மார்கள் உருவாகிக்கொண்டே இருந்தார்கள். 1988ல் மகனை இழந்த ஒரு தாய், "1986லேயே உங்களுக்குத் தெரியுமே, பிறகு ஏன் என் பிள்ளையை அங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டால், எந்த ஆட்சியாளனிடம் பதில் இருக்கிறது?