சுமைதாங்கியும் தெருமூடிமடமும்

சபைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தாய்மாரே, சைக்கிளை மதிலோரம் சாத்திவிட்டு உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கின்ற தம்பிமாரே, தங்கைமாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

வடமராட்சியின் புராதனக் கிராமங்களை இணைத்து, நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் செல்லத்தக்க ஒரு பாதையை வகுத்தல் கூடுமா என்பதைப் பற்றிப் பேசுமாறு நிர்வாக சபையார் என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து உதித்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. ஐரோப்பாவில் வாழும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வந்து, தாம் அங்கே சென்று களித்த நாட்டுப்புறப் பாதைகளின் சிறப்பை முற்றத்திலிருந்து விரித்துரைக்க, நாம் அதனைக் கேட்டிருந்துவிட்டு, இங்கே என்ன இருக்கிறது என்று பெருமூச்சு விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமூச்சு அறியாமையிலிருந்து பிறப்பது என்பதே என் அபிப்பிராயம்.

அவர்கள் சொல்லும் பாதைகளில் இரண்டை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கு மூலையிலே கற்றலோனியா என்றொரு பிரதேசம் உண்டு. தனக்கென ஒரு பாஷையும், அந்தப் பாஷையின்பொருட்டு நெடுங்காலம் பட்ட துன்பமும் உடைய பிரதேசமாதலால், நமக்கு அது முற்றிலும் அந்நியமான பூமியன்று. அங்கே பொப்லெத், சாந்தெஸ் கிறேயுஸ், வல்பொனா என்னும் மூன்று பழைய துறவிமடங்களை இணைத்து, திராட்சைத் தோட்டங்களுக்கும் கற்கோட்டைக் கிராமங்களுக்கும் நடுவே, நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஒரு வட்டப்பாதையை வகுத்திருக்கிறார்கள். இன்னும், ஜிரோனா என்ற நகரிலிருந்து ஒலோத் என்ற மலைப்பட்டினத்துக்கு ஓடிக்கொண்டிருந்த சிறிய புகையிரதம் 1969ஆம் ஆண்டு நின்றுபோக, அந்தத் தடத்தைக் காடு மூடவிடாமல், தண்டவாளத்தை அகற்றி, நடப்பாரும் சைக்கிளோட்டிகளும் செல்லும் வழியாக மாற்றினார்கள். பழைய நிலையக் கட்டிடங்களிற் சில இன்று வழிப்போக்கர் இருந்து இளைப்பாறும் இடங்களாயின. நான் இங்கே உங்கள் கவனத்தை வேண்டுவது அந்தக் கட்டிடங்களின்மேலேதான். பாதை என்பது தரையிலே நீளமாகக் கிடக்கும் ஒரு கோடு மாத்திரமன்று. நடந்து களைத்தவன் எங்கே உட்காருவான், எங்கே தண்ணீர் குடிப்பான், சுமையை எங்கே இறக்குவான் என்ற வினாக்களுக்கு விடை சொல்லும்போதுதான் அந்தக் கோடு பாதையாகிறது.

நம் தீவிலேயே இதற்கு ஓர் அண்மை உதாரணமும் உண்டு. ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாட் என்பவரின் முயற்சியால், கண்டியின் ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களினூடே பீக்கோ பாதை என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழி, 22 கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் படமெடுத்து மகிழும் அந்த வழிகளிற் பல, கொழுந்துக் கூடையோடு நம்மவர் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய வழிகள். 2023ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்ற மக்கள், தம் மூதாதையர் மாண்டு வீழ்ந்த வழியைத் தம் கால்களாலேயே நினைவுகூர்ந்தார்கள். ஒரே தேசத்தில் ஒருவனுக்கு உல்லாசமாகத் தோன்றும் நடை, இன்னொருவனுக்குச் சரித்திரமாக இருக்கிறது. நாம் வகுக்கப் போகும் பாதையும் இதனை மறந்துவிடக்கூடாது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். இத்தீவின் மிக நீண்ட பாதயாத்திரைகளுள் ஒன்று எங்கே தொடங்குகிறது? இந்த மேடையிலிருந்து நாலைந்து கட்டை தொலைவில், தொண்டைமானாற்றங்கரையில், செல்வச்சந்நிதி முருகன் வாசலில். அங்கிருந்து புறப்படும் அடியார்கள் வற்றாப்பளை, திருக்கோணேஸ்வரம், வெருகல், மாமாங்கம், திருக்கோவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தைமலையில் தங்கி, குமண வனத்தையும் கடந்து, ஒன்றரை மாதமளவிலே கதிர்காமத்தை அடைகிறார்கள். கையிலே பணமில்லாதவனும் செல்லக்கூடிய யாத்திரை அது. ஏனெனில் வழிநெடுகிலும் அன்னமிடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சந்நிதியானை நாம் அன்னதானக் கந்தன் என்றழைக்கும் ஊரிலிருந்தே அந்த வழி புறப்படுவது எத்தனை பொருத்தம்! கற்றலோனியர் தங்கள் மடங்களை இணைத்துப் பாதை வகுத்தார்கள் என்று நாம் அதிசயித்துக்கொண்டிருக்க, நம்முடைய பாட்டிமார் அதனைக் காலணியும் இல்லாமல் செய்துமுடித்திருக்கிறார்கள்.

ஆகவே வடமராட்சியின் பாதையை நாம் புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டியதில்லை. நெல்லியடிச் சந்தியிலிருந்து புறப்பட்டால் வதிரி, மந்திகை, புலோலி வழியாக வல்லிப்புரம். அங்கிருந்து மணற்காடு சென்று மீண்டு, கற்கோவளத்தால் பருத்தித்துறை. பின் கடலை வலக்கையில் வைத்துக்கொண்டு திக்கம், பொலிகண்டி, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. அங்கே நீராடி, உடுப்பிட்டியால் திரும்பினால் மறுபடியும் நெல்லியடி. நடப்பவர் இதனைப் பல நாட்களாகப் பகுத்துக்கொள்ளலாம். சைக்கிளில் வருபவர் ஓரிரவு தங்கி முடிக்கலாம். பெருவீதியைக் கூடியவரையில் விலக்கி ஒழுங்கைகளால் செல்வதே இப்பாதையின் விதியாக இருத்தல் வேண்டும். இருப்புப்பாதை என்றும் வந்து சேராத பகுதி நம்முடையது. புகையிரதம் விட்டுச்சென்ற தடத்தைப் பயன்படுத்தும் பாக்கியம் நமக்கில்லை. ஆனால் ஒழுங்கைகளின் எண்ணிக்கைக்குக் குறைவில்லை.

வல்லிப்புரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புரட்டாதியிலே ஆழ்வாரின் சமுத்திர தீர்த்தத்துக்குத் திரளும் மக்கள் கால் புதையும் வெண்மணலைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் காட்சியைக் கண்டவர்கள் நம்மிற் பலர். அந்த மணலுக்கடியில்தான், 1936ஆம் ஆண்டளவில், வசப மன்னன் காலத்ததாகிய ஒரு பொன்னேடு வெளிப்பட்டது. பிராமி எழுத்தில், நாகதீபத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் சிறிய தகட்டை எப்படி வாசிப்பது என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒருமித்த கருத்துக்கு வந்தாரில்லை. விஷ்ணு ஆலயத்தின் பக்கலில் பௌத்த விகாரையைப் பற்றிச் சொல்லும் சாசனம் கிடைத்ததைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள், சிலர் ஆரவாரிக்கிறார்கள். அந்த மணலிலே பல காலத்தவர், பல நெறியினர் நடந்திருக்கிறார்கள் என்று அமைதியாக ஏற்றுக்கொள்வதில் எனக்கு ஒரு சங்கடமுமில்லை. சற்றுத் தெற்கே மணற்காட்டிலே பழைய அந்தோனியார் கோவில் மணலுள் ஆழ்ந்து கிடக்கிறது. 2004 மார்கழியில் கடல் பொங்கி வந்து அக்கிராமத்தை வாரிக்கொண்ட துயரத்தையும் அங்கே செல்பவன் கேட்டறிய வேண்டும். அந்தக் கும்பிகளின் மணலை இரவோடிரவாக உழவு இயந்திரங்களில் ஏற்றிச் செல்பவர்களைப் பற்றி இந்த மங்கலமான சபையில் நான் விரித்துப் பேச விரும்பவில்லை. ஆனால் பகலில் நடப்பார் பெருகினால் இரவில் அள்ளுவாருக்குச் சிறிது கூச்சமாவது உண்டாகும்.

பருத்தித்துறைக்கு வந்துவிட்டோமானால், தட்டை வடையும் ஓடக்கரைத் தோசையும் யாருடைய சிபார்சையும் வேண்டி நிற்கவில்லை; 1916ஆம் ஆண்டின் வெளிச்சவீடும் தானே தன்னைக் காட்டும். நான் உங்களை நிறுத்த விரும்பும் இடம் தெருமூடிமடம். இருமருங்கிலும் கற்றிண்ணைகள், கற்றூண்கள், மேலே கூரை, நடுவிலே பொதுத்தெரு. தெருவில் ஒரு மடத்தைக் கட்டுவதற்கு இடமில்லையென்று தெருவுக்கே கூரை வேய்ந்த மனத்தின் விசாலத்தை நான் எண்ணியெண்ணி வியப்பதுண்டு. வழிப்போக்கன் தன் வழியை விட்டு ஓரடியும் விலகாமலே நிழலுக்குள் புகுந்துவிடுகிறான்! உலகத்தில் எத்தனை வீதிகள் இப்படி நடுவழியில் ஒருவனை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கின்றன?

அந்த மடம் தனித்து நிற்கவில்லை. அதற்கு உறவினராக ஊரெங்கும் கேணிகள் இருந்தன. கேணிக்கருகில் மாடுகள் உடம்பை உரோஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல் இருந்தது. தலைச்சுமையை மற்றொருவர் கைகொடாமலே இறக்கவும் ஏற்றவும் வாய்ப்பாகச் சுமைதாங்கி இருந்தது. சந்தைக்குச் செல்லும் பெண்ணின் கழுத்துவலியை நினைத்து ஒருவன் கல்லை நிறுத்தினானென்றால், அவன் பெயரை நாம் மறந்தது மன்னிக்கக்கூடிய குற்றமன்று. அதிலும், வயிற்றிலே பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் நம்மிடையே இருந்தது. இறக்காமலே போன அவளுடைய சுமையை ஊராரின் சுமைகளெல்லாம் சேர்ந்து இறக்கி ஆற்றட்டும் என்று அவள் வீட்டார் எண்ணியிருக்கலாம். இன்று வீதியை அகலிக்க வருகின்ற இயந்திரத்துக்கு அது வெறுங்கல். ஒரு தட்டில் பெயர்த்து வாய்க்காலோரம் தள்ளிவிட்டுப் போகிறது. கிடுகு வேலி போய் மதில் வந்த பிறகு, பொட்டுக்குள்ளால் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கும் வழியும் அடைபட்டது.

பெருமையை இவ்வளவு பேசியபின் சிறுமையைப் பேசாமல் இறங்குவேனாகில் நான் உண்மையை மறைத்தவனாவேன். அந்த மடங்களின் திண்ணையில் எல்லோரும் உட்காரவில்லை. அந்தக் கேணிகளில் எல்லோரும் அள்ளிக் குடிக்கவில்லை. சில ஒழுங்கைகளில் சால்வையைத் தோளிலிருந்து இறக்காமல் நடக்க முடியாதிருந்த மனிதர்கள் நம்மூரவர்களே. அவர்களைத் தடுத்தவர்களும் நம்மூரவர்களே. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், தடியடிக்கும் அஞ்சாமல் முற்றவெளியைச் சென்றடைந்ததே, அதனை நான் இக்குடாநாட்டின் மகத்தான நடைகளுள் ஒன்றாக மதிக்கிறேன். நம் பாதை வதிரியால் செல்வதும் காரணத்தோடுதான். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளின் கல்விக்காகச் சூரன் என்ற பெரியார் இட்ட வித்து அங்கே தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அங்கே பயின்ற தெணியான் பின்னாளில் நம் ஊர்களின் உள்முகத்தை நாவல்களில் எழுதிக்காட்டினார். புலோலியைக் கடக்கும்போது திரு. வி. க.வுக்குத் தமிழ் கற்பித்த நா. கதிரைவேற்பிள்ளையையும், உடுப்பிட்டியில் சிவசம்புப் புலவரையும், கரவெட்டியில் பேராசிரியர் கா. சிவத்தம்பியையும் நினைக்கின்ற நாம், வதிரியில் சூரனை நினையாமல் செல்வோமாகில், பழைய மடத்தின் பூட்டைப் புதிய பாதையிலும் தொங்கவிட்டவர்களாவோம். பாதைக்கு வரைபடம் எழுதும்போது, எந்தக் கிணறு யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதனைக் கேட்கச் சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

சைக்கிளைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வல்வெட்டித்துறையார் தாமே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம்; சொல்ல வேண்டியதே. ஆனால் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இக்குடாநாட்டைக் கட்டியிழுத்தது துவிச்சக்கர வண்டி. விறகும், மூட்டையும், நோயாளியும், பிரசவத்துக்குச் செல்லும் பெண்ணும் அதன் கரியலிலேயே சென்றார்கள். மின்சாரமில்லாத இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டோம். அத்தகைய வாகனத்தை நேற்றுப் பிறந்த மோட்டார் சைக்கிளுக்காக மாட்டுக்கொட்டிலின் மூலையில் துருப்பிடிக்க விட்டிருக்கிறோம். வல்லை வெளியிலே சோளகத்தை எதிர்த்து மிதித்துப் பழகிய கால்கள் இந்தச் சபையிலேயே எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு ஐரோப்பியரின் மேடுபள்ளங்கள் பெரிதல்ல.

இந்தப் பாதை வெளிநாட்டவரின் பணத்தை எதிர்பார்த்து வகுக்கப்படுவதை நான் விரும்பவில்லை. வருகின்ற விருந்தினர் வரட்டும், நல்லது. ஆனால் முதலில் அதில் நடக்க வேண்டியவர்கள் நம் பாடசாலைப் பிள்ளைகள். 1838ஆம் ஆண்டில் தோன்றிய ஹாட்லிக் கல்லூரியிலே படிக்கும் பிள்ளை, அயலிலுள்ள தெருமூடிமடத்தின் தூண்களை எண்ணியிருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். ஆதலால் நான் கேட்பது பெரிய திட்டமன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் எஞ்சியிருக்கும் சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல், கேணி, மடம் ஆகியவற்றைப் பிள்ளைகள் நடந்து சென்று பார்த்து, இடத்தையும், நாட்டியவர் பெயர் தெரிந்தால் அதனையும், முதியோர் சொல்லும் கதையையும் எழுதிவர வேண்டும். வாய்க்காலில் கிடக்கும் கற்களை உரியவர் சம்மதத்தோடு நிமிர்த்த வேண்டும். வழியிலுள்ள ஒவ்வொரு சனசமூக நிலையமும் வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு வாங்கும், காற்றடிக்க ஒரு பம்பும் வைக்க வேண்டும். பஞ்சர் ஒட்டுபவர் அயலில் இருந்தால் இன்னும் விசேஷம். இதற்கெல்லாம் கொழும்பிலிருந்து யாருடைய கையொப்பமும் வேண்டியதில்லை.

எழுதுவதற்குரிய கொப்பி செயலாளர் வசம் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது தத்தம் ஒழுங்கையின் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நடைக்கு உதவாது. அந்த இரண்டு மாதமும் முதியோரிடம் கேட்டெழுதுவதற்கு ஆகட்டும். தைப்பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழா நடைபெறும். வீட்டிலே பொங்கிப் படைத்துச் சாப்பிட்டபின், நெல்லியடிச் சந்தியில் பத்து மணிக்குக் கூடினோமானால், பருத்தித்துறையால் சுற்றி, தெருமூடிமடத்தில் இளைப்பாறி, பட்டம் ஏறுவதற்கு முன்பே அங்கே போய்ச் சேரலாம். சைக்கிள் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வாசலில் நிற்கும் தம்பிமாரின் கரியல்கள் வெறுமையாகவே இருக்கின்றன.