தேதி அறியாத திதி

(ஆலய ஆண்டுத் திருவிழாவில் ஆற்றிய உரை)



துயர நினைவுகளைத் தாங்குவது எவ்வாறு என்பது எனக்களிக்கப்பட்ட தலைப்பு. தத்துவம் பேசும் தகுதி எனக்கில்லை. என் பாட்டியைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன்.

1943ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அது. 1942இல் தொடங்கிய வேலையை 1943 அக்டோபரில் முடித்துவிட்டனர். அத்துணை விரைவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை நம் குடும்பங்கள் அறியும். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் கொண்டுபோன உயிர்கள் பல்லாயிரம்.

போர் முடிந்தபின் சிலர் எலும்பும் தோலுமாய் மீண்டனர். பாட்டி ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். காய்ச்சலில் கிடந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். வேறு முகாமுக்கு மாற்றிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். அவ்வளவே செய்தி. அன்று வாய் மூடியவர்தாம். தாத்தாவின் பெயரை வீட்டில் எவரும் உச்சரிக்கலாகாது. குங்குமத்தை மட்டும் அவர் விடவில்லை.

பேசாதிருந்தால் மறந்துவிடுமா? 1987இல் டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லிச் சோதித்தார். அவர்களுக்குக் கரடியே திரும்பத் திரும்ப வந்தது. (மருந்து குடிக்கையில் குரங்கை நினைக்காதே என்று நம்மவர் எப்போதோ சொல்லிவிட்டனர்.)

எங்கள் வீட்டில் நேர்ந்த இழப்பு வேறொன்று. தாத்தா போனபோது என் தந்தையாருக்கு மூன்று வயது. பாட்டி துயரத்தைப் பூட்டிய பெட்டிக்குள் தாத்தாவின் சிரிப்பும் அகப்பட்டுக்கொண்டது. தம் தந்தை எப்படிப்பட்டவர் என்றே அறியாமல் அவர் வளர்ந்தார்.

1978ஆம் ஆண்டு, இறந்த திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்யலாம் என்று தோட்டத்துக் கோயில் பண்டாரம் எடுத்துச் சொன்னார்.

"செத்தாருன்னு யாரு பார்த்தா?" என்று பாட்டி சீறினார்.

பண்டாரம் வாதாடவில்லை. "அவருக்குப் பிடித்ததைச் செய்து வையுங்கள் அம்மா, போதும்" என்றார்.

அமாவாசையன்று பாட்டி அடுப்படியில் அமர்ந்து வெல்லப் பணியாரம் சுட்டார். முதல் ஈடு வெந்தபோது திடீரென்று சிரித்தார். "ஆறுறவரைக்கும் பொறுக்க மாட்டாரு. நாக்கைச் சுட்டுக்கிட்டு என்னையத் திட்டுவாரு" என்றார். சொல்லி முடிக்குமுன் அழுகையும் வந்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தாத்தா எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

அதன்பின் ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்று வெளிவரும். மாரியம்மன் திருவிழாவில் அவர் உறுமி அடித்தது, கிராணியைப் போலவே நடந்துகாட்டி லயத்தையே சிரிக்க வைத்தது எனப் பல. லாரி புறப்பட்ட காலையைப் பற்றி மட்டும் பாட்டி ஒரே முறைதான் பேசினார். நாங்களும் மறுபடி கேட்கவில்லை. எல்லாவற்றையும் கிளறித்தான் ஆகவேண்டும் என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்திற்குப் பின்னாளில் நான் சென்றிருந்தேன். நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே துயில்கின்றனர். தாத்தாவின் பெயரைத் தாங்கிய கல் எங்கும் இல்லை.

பாட்டி 1991இல் மறைந்தார். இறுதிவரை அவர் நெற்றியில் குங்குமம் இருந்தது. அமாவாசைப் படையலும் தவறாமல் நடந்தது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.