மாத்திரை அட்டை காலியாகிறதா?

(கீரனூரில் கர்ப்பிணித் தாய்மார்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



கர்ப்பிணித் தாய்மார்களோட அவங்க அம்மா, மாமியார், வீட்டுக்காரர் எல்லாரும் வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஏன்னா, நான் பேசப் போறது உங்க எல்லாருக்கும்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுக்கிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை வீடு வரைக்கும் வந்துடுது. ஆனா வயித்துக்குள்ள போகுதா? "மாத்திரை போட்டா பிள்ளை பெருசாயிடும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்று சிலர் பயப்படுறாங்க. "பிள்ளை கறுப்பா பிறக்கும்" என்றும் சொல்றாங்க. ரெண்டுமே உண்மையில்லை. குழந்தை வளர வேண்டிய அளவுக்கு வளரத்தான் அந்த மாத்திரை.

கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு.

வயித்துல இருக்கிற பிள்ளைக்கு மூச்சுக்காத்து அம்மாவோட ரத்தம் வழியாத்தான் போகுது. அதைச் சுமந்து போறது ஹீமோகுளோபின். அது குறைஞ்சா குழந்தையின் வளர்ச்சி தடைபடலாம், குறைமாதத்திலேயே பிறக்கலாம். பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. அதுக்குப் பால் சப்பிக் குடிக்கத் தெம்பு இருக்காது, உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும், தொற்றும் எளிதில் வரும். எடை குறைய வேறு காரணங்களும் உண்டு. ஆனா ரத்தசோகை நம்மால் தடுக்கக்கூடியது.

நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். மலம் கறுப்பாப் போனா பயப்படாதீங்க, அது இயல்புதான். குமட்டினா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க. டீ, காபியோட வேண்டாம். கால்சியம் மாத்திரையை வேற நேரத்துல போடுங்க. அப்படியும் ரத்தம் ஏறலைன்னா, இரும்புச்சத்தை ஊசி மூலம் ஏத்தலாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க.

நம்ம பக்கத்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் மூட்டை மூட்டையா வருது. அந்த மரத்துக் கீரையை வாரம் ரெண்டு மூணு நாள் சமைங்க. கேழ்வரகு, பேரீச்சம்பழம், முட்டை, சுவரொட்டி எதுவும் நல்லது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தா இரும்புச்சத்து உடம்புல நல்லாச் சேரும். ஆனா சாப்பாடு மாத்திரைக்குப் பதிலாகாது.

கர்ப்பம் தெரிஞ்சதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு பண்ணி பிக்மி எண் வாங்கிடுங்க. தகுதியுள்ள தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக ரூ.18,000 மதிப்பிலான உதவி உண்டு. சந்தேகம்னா 104-க்குக் கூப்பிடுங்க.

ஒவ்வொரு பரிசோதனையிலும் "ரத்தம் எவ்வளவு இருக்கு?"ன்னு கேளுங்க. தாய் சேய் நல அட்டையில அந்த எண்ணை எழுதியிருப்பாங்க. செல்போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. மாத்திரை நேரத்துக்கு அலாரமும் வையுங்க.

மாமியார்மாருக்கு ஒரு வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரி மருமகளோட மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க. மாத்திரை மிச்சம் இருந்தா திட்டாதீங்க. ஒரு டம்ளர் தண்ணியோட நீங்களே எடுத்துக் கொடுங்க.