சுடத் தவறிய துப்பாக்கி

நம் பாட்டன்மார் ஆடு காக்க நரிமேல் நீட்டிய நாட்டுத் துப்பாக்கி, 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வேட்டை குற்றமான பின்னும், சில வீட்டுப் பரண்களில் உறங்குகிறது.

அது சுடத் தவறுவது ஏன்? வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த மருந்து ஈரம் குடித்திருக்கும். அன்றேல் கேப்பின் தீ செல்லும் ஊசித்துளையைப் புகைக்கசடு அடைத்திருக்கும். ஆனால் தவறியது செத்ததன்று. உள்ளே கனலும் பொறி சில நொடி கழித்தும் வெடிக்கும். குழலுள் எட்டிப் பார்த்த எங்கள் சிற்றப்பா ஒரு கண்ணை இழந்தார். 2001-இல் மூடப்பட்ட நம் பொற்சுரங்கங்களில் வெடியாத துளையண்டை எவரையும் அணுகவிடாத தந்தையர், வீட்டில் அதை மறந்தனரே!

விசை இழுத்தும் வெடியாவிடில், குழலை ஆளில்லாத் திசையிலேயே ஒரு நிமிடமேனும் பிடித்திருத்தல் வேண்டும். பரணில் கிடப்பதைப் பிள்ளைகள் தொடுமுன், உரிமம் இல்லையேல், காவல் நிலையத்தாரிடம் சொல்லிவிடுங்கள். அதனுள் பாட்டனார் இட்ட மருந்து இன்னும் இருக்கலாம்.